அச்சு, குடம், மசகு

சக்கரத்தின் குடம் அச்சைத் தொட்டுச் சுற்றும் இடம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது கரடும் பள்ளமுமான நிலம். கடைந்த இரும்பில் மேடுகள் சில மைக்ரான் உயரம் நிற்கும். இழைத்த மரத்தில் அதைவிடப் பல மடங்கு. ஒப்பிட்டுப் பார்க்க, தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இரண்டு பரப்புக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் இந்த மேடுகளைப்போல் மூன்று பங்கு தடித்திருந்தால் ஒன்றையொன்று தொடாமல் ஒன்று மற்றதன்மேல் மிதக்கும். மேடுகளின் உயரத்துக்கும் கீழே படலம் இறங்கினால் மேட்டோடு மேடு மோதும், சூடேறும், தேயும், சில வேளை ஒட்டிக்கொண்டு நின்றே போகும். பேரிங், அதாவது தாங்கி, செய்கிற தொழிலின் கணக்கில் பெரும்பகுதி இந்த இரண்டு உயரங்களையும் ஒப்பிடுவதுதான். அந்தக் கணக்கு எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே திருவண்ணாமலையில் கதவும் வண்டியும் தேரும் அதன்படிதான் சுழன்றன.

ஊரில் மிக எளிய தாங்கி, கோயில் வாசலில் இருக்கிறது. அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. இப்படிப்பட்ட கோபுர வாசல்களின் பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் ஒரு பக்கத்துச் சட்டம் மேலும் கீழும் முளைபோல் நீண்டிருக்கும். அதற்குக் குடுமி என்று பெயர். கீழ்க்குடுமி கருங்கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து, கதவின் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டு திரும்பும். கல்தச்சர் விட்ட உளிக்கொத்து முதலில் முரடாகத்தான் இருக்கும். கதவு திரும்பத் திரும்பக் கொத்தின் முனைகள் மழுங்கி, அடிப்பள்ளங்கள் மட்டும் மிஞ்சும். கருங்கல்லே ஒரே கடினமுள்ள பொருளும் இல்லை. அதிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் கடினமானவை, காக்காப்பொன் மென்மையானது. மென்மையானது முன்னால் தேய, கடினமானது மேடாக நின்று பாரம் தாங்கும், தேய்ந்த பள்ளத்தில் எண்ணெய் தங்கும். குழியில் விட்ட ஒரு கரண்டி எண்ணெய் நெடுநாள் நிற்பதற்குக் காரணம் அந்தப் பள்ளங்கள்தான்.

முரடு எல்லா இடத்திலும் குறை என்று எண்ணிவிடக் கூடாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழப்பானால் அரையாது. அதனால்தான் உளியும் சுத்தியலுமாகத் தெருவில் வருபவரைக் கூப்பிட்டு அம்மி கொத்திக்கொண்டார்கள். பரப்பில் எவ்வளவு முரடு, எப்படிப்பட்ட முரடு என்பது அந்தப் பரப்பு செய்ய வேண்டிய வேலையைப் பொறுத்தது.

வண்டிக்கு வருவோம். தமிழில் அச்சு பழைய சொல். புறநானூற்றில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். சேம அச்சு என்றால் இன்றைய ஸ்டெப்னி. அதியமான்களின் தகடூர், இன்றைய தருமபுரி. திருவண்ணாமலைக்கு மேற்கே, செங்கத்தைத் தாண்டினால் வரும் நாடு. திருக்குறளில் வினைத்திட்பத்தைச் சொல்லும் இடத்தில் பெருந்தேரின் அச்சாணி உவமையாக வருகிறது. பாரமும் தேய்மானமும் கூடும் இடம் அச்சு என்பது புலவர்களுக்கே தெரிந்த சங்கதியாக இருந்திருக்கிறது. மேடும் பள்ளமுமான வழியில் சுமை வண்டி ஓட்டினால் முதலில் போவது அச்சு.

பிற்கால மாட்டுவண்டியில் குடமும் ஆரக்காலும் வட்டையும் பெரும்பாலும் கருவேல மரம். அச்சு முதலில் மரம், பிறகு இரும்பு. அச்சு அசையாமல் நிற்கும். அதைச் சுற்றிக் குடம் ஓடும். வெளியே கழன்று வராமல் கடையாணி தடுக்கும். இந்த அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே இடுவதுதான் மசகு. வைக்கோலைக் கொளுத்திக் கருகிய கரியை நன்றாகப் பொடித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் கரிய மை கிடைக்கும். வண்டி மை என்றும் சொல்வார்கள். வண்டியடியில் ஒரு மூங்கில் குழாயோ கொட்டாங்கச்சியோ தொங்கும். அதில் ஒரு குச்சி. வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைப் பாதி தூரம் வெளியே இழுத்து, அச்சின் முதுகில் மசகைத் தாராளமாக அப்பிவிட்டு மறுபடி தள்ளுவார்கள். பாரம் நேரே இறங்கும் வண்டியில் அச்சின் அடிப்பக்கம் குடத்துளையின் அடியில் உட்கார்ந்திருக்கும். முதுகில் இடைவெளி இருக்கும். அங்கே இட்ட மசகைச் சுற்றும் குடம் வாரி எடுத்து அடிக்குக் கொண்டுபோகும்.

இதில் ஒவ்வொரு பொருளையும் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் பூமி. மணிலாக்கொட்டை என்ற பெயர் மக்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆனது. செக்கில் ஆடிய மல்லாட்டை எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் அச்சுக்குப் போனது விளக்கெண்ணெய். 40 பாகை செல்சியசில் கடலை எண்ணெயைவிட விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு. போதாததற்கு அதன் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலியிக் அமிலம். அந்த மூலக்கூறின் ஒரு நுனி இரும்பைக் கவ்விக்கொள்ளும். எண்ணெய் முழுக்கப் பிதுங்கி வெளியேறிய பிறகும் மேட்டின் உச்சியில் மூலக்கூறு அளவில் ஒரு தோல் மிஞ்சி, இரும்பு இரும்பை நேரே தொடாமல் காக்கும். ஐரோப்பாவிலும் இந்தக் குணம் தெரிந்திருந்தது. முதல் உலகப்போர்க் காலத்துச் சுழல் விமான எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெயே ஊற்றப்பட்டது. 1909-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு கொண்டுவந்த காஸ்ட்ரால் என்ற பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

கரிக்கு இரண்டு வேலை. எண்ணெயைக் கெட்டியாக்கி ஒழுகாமல் நிறுத்துவது ஒன்று. மரத்தின் நுண்துளைகளிலும் இரும்பின் கீறல்களிலும் போய் அடைந்து, எண்ணெயைத் தாங்கும் பஞ்சுபோல் நிற்பது மற்றொன்று. வைக்கோல் கருகியதோடு நிறுத்த வேண்டும் என்பது முக்கியம். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிந்தால் மிஞ்சுவதில் பெரும்பங்கு சிலிக்கா. அது மணலுக்கு உறவு, அரத்துக்கு வேலை செய்யும்.

புது வண்டி ஓடத் தொடங்கும்போது இறுக்கமாகவும் சத்தமாகவும் இருக்கும். சில நடை போய்வந்த பிறகு பழகிவிடும். பழகுதல் என்பதைப் பரப்பின் கணக்கில் சொன்னால், கூரான மேடுகள் மட்டும் முறிந்து சப்பையாகின்றன, ஆழமான பள்ளங்கள் அப்படியே நிற்கின்றன. பாரம் பரவலாகத் தாங்கப்படுகிறது, எண்ணெய்க்கும் இடம் இருக்கிறது. மசகு தீர்ந்த வண்டி கிறீச்சிடுவதும் இந்த மேடுகளால்தான். மேடுகள் ஒட்டிக்கொள்ளும், இழுவிசை கூடும், பிய்த்துக்கொண்டு நழுவும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பலநூறு தடவை இப்படி நடக்கும்போது அச்சு பாடும்.

ஏன் மசகு? ஏன் வெறும் எண்ணெய் போதாது? வேகத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். ஐந்தடிச் சக்கரமும் 5 செ.மீ. விட்டமுள்ள அச்சும் கொண்ட வண்டி மணிக்கு 4 கி.மீ. போனால், சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 14 சுற்றுதான் சுற்றும். குடம் அச்சின்மேல் நொடிக்கு 4 செ.மீ.கூட நகராது. எண்ணெய்ப் படலம் தானாக எழும்பிப் பாரத்தைத் தூக்க வேண்டுமானால் வேகம் வேண்டும். இங்கே அது இல்லை. ஆகவே மாட்டுவண்டியின் அச்சு எந்தக் காலத்திலும் மிதந்ததில்லை. மேடுகள் எப்போதும் உரசிக்கொண்டுதான் இருந்தன. உரசலைப் பொறுக்கத்தக்கதாக ஆக்கியவை கெட்டியான மசகும் அதைத் தேக்கி வைத்த பள்ளங்களும்.

கார்த்திகை தீபத் திருவிழா மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும் காலம். சுற்றுவட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்த நாட்களில், வடகிழக்குப் பருவமழை வேறு சேர்ந்துகொள்ளும். சேறு குடத்துக்குள் புகும், மரம் ஊறிப் பருத்து அச்சை இறுக்கும். தண்ணீரில் கரைந்து ஓடாத மசகு அப்போது தன் கூலியைச் சம்பாதித்துவிடும்.

அதே திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். பிள்ளையார், முருகன், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர். அண்ணாமலையாரின் பெரிய தேரே மகாரதம். அம்மன் தேரைப் பெண்களும், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது வழக்கம். தேரடி வீதி, திருவூடல் வீதி, பேகோபுர வீதி, பெரிய வீதி என்று நான்கு மாடவீதிகளையும் வலம் வந்து தேர் நிலைக்குத் திரும்பும்.

தாங்கி என்ற கோணத்தில் பார்த்தால் தேரின் சிக்கல் அது ஓடும்போது வருவது அல்ல. ஆண்டில் ஏறக்குறைய முழுவதும் தேர் நிலையில் நிற்கிறது. அத்தனை டன்னும் ஒரே இடத்தில் அச்சை அழுத்திக்கொண்டே இருக்கும்போது, நடுவிலிருந்த எண்ணெய் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறுகிறது. மேடுகள் ஒன்றில் ஒன்று அமிழ்ந்து பரப்பளவு கூடிப் பிடித்துக்கொள்கின்றன. எடுத்துவிடும் முதல் இழுப்பு, பிறகு ஓடும் இழுப்பைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். வடம் பிடிப்பவர்கள் ஒருபக்கம் இழுக்க, பின்னால் சக்கரத்தடியில் நெம்புதடி போட்டு உந்துவார்கள். அந்தக் கணத்தில் அச்சில் மிஞ்சியிருக்கும் எண்ணெய் பள்ளங்களுக்குள் இருப்பது மட்டுமே. கண்ணாடிபோல் பளபளப்பாக்கிய அச்சாக இருந்தால் அதுவும் இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எடை 100 டன், சக்கர விட்டம் 2 மீட்டர், அச்சின் விட்டம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அச்சு சக்கரத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே அச்சில் எழும் உராய்வின் பத்தில் ஒரு பங்கைத்தான் வடத்தில் இழுக்க வேண்டும். மசகு இல்லாத உராய்வுக் கெழு 0.3 என்றால், அச்சுக்காக மட்டும் 3 டன் விசை. மசகிட்டு 0.1 ஆக இறங்கினால் 1 டன். வீதியின் பள்ளமும் சேறும் கேட்கும் விசை தனி; மாடவீதிகளில் கான்கிரீட் சாலை போட்டது அந்தக் கணக்கைக் குறைத்திருக்கும். நொடிக்கு 20 செ.மீ. நகரும் தேரில் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு சுற்று, அச்சுப் பரப்பின் வேகம் நொடிக்கு 2 செ.மீ. மாட்டுவண்டியில் பாதி. படலம் எழும்பும் பேச்சுக்கே இடமில்லை.

தேர்களின் மரச்சக்கரமும் மர அச்சும் 20-ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் இரும்புக்கு மாறின. பெயர் பெற்ற உதாரணம் திருவாரூர் ஆழித்தேர்: 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படுவது. 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்ற அந்தத் தேர், திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்துகொடுத்த இரும்பு அச்சிலும் சக்கரத்திலும் 1970-இல் மறுபடி ஓடியது. அங்கே வீதி மூலைகளில் தேரைத் திருப்ப, சக்கரத்தடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போடுகிறார்கள். நான்கு சக்கரமும் ஒரே திசை பார்க்கும் வண்டி வளைய வேண்டுமென்றால் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியாக வேண்டும். அச்சில் உள்ள அதே சிக்கல் தரைக்கு இறங்கி வந்து, அதே தீர்வைக் கேட்கிறது. ஓட்டத்தின்போது தேரை நிறுத்தவும் திசை திருத்தவும் சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டைக்கோ நேர்மாறான தேவை. அது வழுக்கவே கூடாது. ஒரே தேரில் ஒரு கையில் கிரீஸும் மறுகையில் கட்டையும்.

மிதக்கும் அச்சு திருவண்ணாமலைக்கு ரயிலோடு வந்தது. விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் பாதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போடப்பட்டது. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, திருக்கோவிலூரில் ரயிலேறித் திருவண்ணாமலையில் இறங்கியது இந்தப் பாதையில்தான். ரயில் சக்கரத்தில் அச்சும் சேர்ந்து சுற்றும். அச்சின் கழுத்துமேல் பித்தளைத் தாங்கி ஒன்று குப்புறக் கவிந்து பாரத்தை இறக்கும். அடியில் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவு கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். மணிக்கு 50 கி.மீ. போகும் வண்டியில், முக்கால் மீட்டர் சக்கரத்துக்கும் 10 செ.மீ. கழுத்துக்கும் கணக்கிட்டால், பரப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 185 செ.மீ. மாட்டுவண்டியைப்போல் சுமார் 50 மடங்கு.

இந்த வேகத்தில் என்ன நடக்கிறது என்பது 1883-இல் தற்செயலாகத் தெரியவந்தது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக பொச்சாம்ப் டவர் என்பவர் ரயில் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கென்று ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டை வைத்து அடைத்தார். கட்டை பிதுங்கி வெளியே வந்தது. அழுத்தமானி வைத்தபோது, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு சராசரிப் பாரத்துக்கு 200-க்கு மேல் காட்டியது. சுற்றும் கழுத்து எண்ணெயைக் குறுகும் இடுக்குக்குள் இழுத்துச் செருகுகிறது, அந்த எண்ணெய் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்குச் சமன்பாடு எழுதினார். பாரம் அதிகமுள்ள உச்சியில் எண்ணெய்த் துளை போடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாரம் இறங்காத முதுகுப் பக்கத்தில் மசகு இட்ட வண்டிக்காரர் அந்தத் தவறைச் செய்யவில்லை. காரணத்தை அவர் எழுதிவைக்கவில்லை என்பது வேறு.

1902-இல் ஜெர்மனியின் ரிச்சர்டு ஸ்ட்ரிபெக் மெதுவான வேகத்திலிருந்து வேகம் கூடக்கூட உராய்வு எப்படி மாறுகிறது என்று அளந்து வரைந்த கோடு, மாட்டுவண்டியையும் ரயிலையும் ஒரே படத்தில் உட்கார வைத்தது. மெதுவில் உராய்வு அதிகம். வேகம் கூட, படலம் எழும்ப, உராய்வு சரிந்து ஓர் அடிமட்டத்தைத் தொடும். மேலும் வேகம் கூடினால் எண்ணெயின் சொந்த இழுவையால் மெல்ல ஏறும். அடிமட்டம் எங்கே விழும் என்பதை முடிவு செய்வது பரப்பின் முரடு. மழமழப்பான பரப்பில் குறைந்த வேகத்திலேயே மிதப்பு தொடங்கும். ரயில் அச்சின் கழுத்தைக் கடைந்து மெருகேற்றுவதற்குக் காரணம் இது. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கிறது, புறப்படுகிறது. புறப்படும் அந்தச் சில நொடிகள் ரயிலும் மாட்டுவண்டிதான். அந்த நொடிகளுக்காகத்தான் ஐசக் பாபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற வெள்ளைஉலோகம் தாங்கியின் உள்முகத்தில் பூசப்பட்டது. மென்மையான வெள்ளீயத்தில் கடினமான மணிகள் பதிந்த கலவை அது. மணிகள் பாரம் தாங்க, வெள்ளீயம் சற்றே தேய்ந்து எண்ணெய்க்குப் பள்ளம் தரும். கோபுரக் கதவின் குழியில் குவார்ட்ஸும் காக்காப்பொன்னும் செய்ததும் இதுவே.

மேடு பள்ளத்தை எண்ணாகச் சொல்ல 20-ஆம் நூற்றாண்டு வரை வழியில்லை. தச்சரின் கட்டைவிரல்தான் கருவி. 1933-இல் அமெரிக்காவின் அபாட்டும் ஃபயர்ஸ்டோனும், ஒரு பரப்பை உச்சியிலிருந்து சீவிக்கொண்டே இறங்கினால் எந்த ஆழத்தில் எவ்வளவு பரப்பு பாரம் தாங்கும் என்று காட்டும் வளைவைத் தந்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டரில் டேலர் ஹாப்சன் நிறுவனம், வைர முனையை மேலே ஓட்டி மேடு பள்ளத்தைக் காகிதத்தில் வரையும் டேலிசர்ஃப் கருவியைக் கொண்டுவந்தது. அதன்பிறகுதான் ஒரே சராசரி முரடுள்ள இரண்டு பரப்புகள் வெவ்வேறு விதமாக உழைப்பது ஏன் என்று புரிந்தது. கூர்மேடு நிறைந்த பரப்பு தின்னும். சப்பை மேடும் ஆழ்பள்ளமும் கொண்ட பரப்பு தாங்கும். இரண்டுக்கும் சராசரி ஒன்றாகவே இருக்கலாம்.

திருவண்ணாமலையின் லேத் பட்டறைகளில் இந்த அறிவு கைப்பழக்கமாக இருக்கிறது. டிரெய்லருக்கோ கிணற்று மோட்டாருக்கோ கன்மெட்டல் புஷ் கடையும்போது கடைசி வெட்டை மெதுவாக ஓட்டி மெல்லிய திருகுக்கோடு விடுவார்கள். பிறகு எண்ணெய்க் காடி வெட்டுவார்கள். காடி பாரம் இறங்கும் பக்கத்தில் விழுந்துவிட்டால் எழும்பிய அழுத்தமெல்லாம் அதன் வழியே வடிந்துவிடும். டவரின் துளையில் நடந்த அதே கதை. எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரில் ஹோனிங் கல் ஓட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவதும், பிறகு மேலாக ஒரு தடவை தேய்த்து முனைகளை மட்டும் எடுப்பதும் வண்டியைப் பழக்கும் வேலையைப் பட்டறையிலேயே முடித்துக் கொடுப்பதுதான்.

வேண்டுமென்றே பள்ளம் போடலாம் என்ற எண்ணத்துக்கு 1966-இல் கணிதம் கிடைத்தது. ஹாமில்டன், வாலோவிட், ஆலன் ஆகிய மூவர் நுண்ணிய மேடு ஒவ்வொன்றும் தனித்தனித் தாங்கியாக எண்ணெயைத் தூக்க முடியும் என்று காட்டினார்கள். உராய்வு இயலுக்கு டிரைபாலஜி என்ற பெயர் சூட்டிய ஜோஸ்ட் அறிக்கை பிரிட்டனில் வந்ததும் அதே ஆண்டு. 1990-களில் இஸ்ரேலின் ஹைஃபாவில் எட்சியான் குழு, லேசரால் நூறு மைக்ரான் அகலமும் சில மைக்ரான் ஆழமுமான குழிகளை வரிசையாகக் குத்தி அடைப்பு வளையங்களின் உராய்வைக் குறைத்தது. வேகமிருக்கும்போது குழி அழுத்தத்தை எழுப்புகிறது. வேகமில்லாதபோது எண்ணெயைச் சேமிக்கிறது. தேய்ந்து உதிரும் துகளையும் வாங்கி ஒளித்துக்கொள்கிறது. குழி ஆழமாகிவிட்டால் படலம் உள்ளே விழுந்து பயன் கெடும் என்பதால் அளவு தப்பக் கூடாது.

பந்துபேரிங் போட்ட டயர் வண்டி வந்ததும் மாட்டுவண்டியில் மசகின் காலம் முடிந்தது. உருளும் எஃகுப் பந்தின் அடியில் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அங்கே பள்ளத்துக்கு வேலையில்லை, கண்ணாடி மெருகே வேண்டும். குடத்துக்குள் தூசி புகுந்தால் மரக்குடம் அதை விழுங்கிவிட்டு ஓடும், பந்துபேரிங் சீக்கிரமே கெட்டுப்போகும். எனவே அடைப்பும் கிரீஸ் நிப்பிளும் கூடவே வந்தன. மூங்கில் குழாயும் குச்சியும் போய், கிரீஸ் கன் வந்தது.

சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மசகு எண்ணெய் என்றால் எந்திரத்துக்கு விடும் எண்ணெய். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் மசகு எண்ணெய் விலை ஏறியது என்று படித்தால், ஏறியது கச்சா எண்ணெயின் விலை.